நெவர்ன் பங்கில் மூன்று நாள்: பினாங்கிலிருந்து போகிறவர்களுக்காக ஒரு மதிப்பீடு

வேல்ஸ் நாட்டின் தென்மேற்கில், பெம்ப்ரோக்ஷயரின் வடபகுதியில் உள்ள நெவர்ன் என்னும் சிற்றூரின் தேவாலயத்துக்குள், தென்புறச் சன்னலின் அடியில் திண்டுபோலக் கிடத்தப்பட்ட நீண்ட கல் ஒன்று இருக்கிறது. கி.பி. 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டில் இறந்த ஒருவருக்காக நட்ட நினைவுக்கல் அது. அதன் முகத்தில் லத்தீன் எழுத்தில் ‘மக்ளோகூனி ஃபீலி க்ளூத்தோரி’ என்று வெட்டியிருக்கிறார்கள். க்ளூத்தோரியின் மகன் மக்ளோகூனுஸின் கல் என்பது அதன் பொருள். என் அடையாள அட்டையில் என் பெயருக்கும் அப்பாவின் பெயருக்கும் நடுவில் ‘ஏ/எல்’ என்று இருக்கிறது. அனாக் லெலாக்கி, அதாவது மகன். அந்தச் சன்னலின் முன்னால் நின்றபோது, 1,500 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கல்தச்சன் உளியால் செய்த வேலையும், பட்டர்வொர்த் பதிவு அலுவலகத்தில் ஓர் அலுவலர் தட்டச்சில் செய்த வேலையும் ஒன்றுதான் என்று உணர்ந்தேன். இறந்த பிறகும் ஒருவரை இன்னாரின் மகன் என்று சொன்னால்தான் ஊருக்குத் தெரியும் என்று அவர்களும் நினைத்திருக்கிறார்கள்.

நெவர்னுக்குப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்குப் போகலாம் என்பதே என் பதில். ஒரே பகலில் பார்த்துவிட்டுத் திரும்பத்தான் நேரம் இருக்கிறது என்றால் வேண்டாம் என்பேன். இதை அனுபவத்தில் சொல்கிறேன். ஏழு ஆண்டுகளுக்கு முன்பு மனைவியோடு லண்டனுக்குப் போயிருந்தபோது, ஒரு சுற்றுலா நிறுவனத்தில் ஒரே நாளில் வேல்ஸைக் காட்டுகிறோம் என்றதை நம்பிப் பணம் கட்டி, விடியற்காலையில் பேருந்தில் ஏறினோம். ஒரு கோட்டையின் வாசலில் 40 நிமிடம், நினைவுப்பொருள் கடையில் அதைவிட அதிக நேரம், மற்ற நேரமெல்லாம் நெடுஞ்சாலை. இரவு விடுதிக்குத் திரும்பும்வரை வேல்ஸ் மொழியில் ஒரு சொல்கூட எங்கள் காதில் விழவில்லை. அந்த மனக்குறைதான் இந்த முறை ஒரே ஒரு பங்கை, அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர் வட்டாரத்தை, தேர்ந்தெடுத்து, அதன் எல்லைக்குள்ளும் அக்கம்பக்கத்திலும் மூன்று நாள் தங்குவது என்று முடிவெடுக்க வைத்தது. கார்டிஃபில் படிக்கும் என் தங்கை மகள் வழித்துணைக்கு வந்தாள். மே மாதத்தின் கடைசி வாரத்தில் போனோம்.

பினாங்குக்காரர்களுக்கு வேல்ஸ் என்ற பெயர் புதியதல்ல. 1786 ஆகஸ்ட் 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கைக்கொண்டு கொடியேற்றியபோது, மறுநாள் பிறந்தநாள் காணவிருந்த பட்டத்து இளவரசரை எண்ணி ‘வேல்ஸ் இளவரசர் தீவு’ என்று பெயர் சூட்டினார். அந்தப் பட்டமோ, 1280களில் வேல்ஸை வென்றடக்கிய முதலாம் எட்வர்டு, 1301இல் தம் மகனுக்குக் கொடுத்து வழக்கமாக்கியது. வேல்ஸ்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட பட்டம் ஒன்று நம் தீவின்மேல் நெடுங்காலம் எழுதப்பட்டிருந்தது என்பதைத் தெரிந்துகொண்டு போனால், அந்த நாட்டைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடுகிறது.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. ஆனால் 2025 ஜனவரியிலிருந்து மின்னணுப் பயண அனுமதி வாங்காமல் விமானம் ஏற முடியாது. லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து சுவான்சி வரை ஒரு ரயில், அங்கிருந்து ஹேவர்ஃபோர்டுவெஸ்ட் வரை இன்னொன்று, பிறகு டி5 என்ற பேருந்து. இறங்க வேண்டிய ஊர் நியூபோர்ட். வேல்ஸ் மொழியில் த்ரெவ்த்ரைத். கார்டிஃபுக்குப் பக்கத்தில் ரயில் நிலையத்தோடு இதே பெயரில் ஒரு பெருநகரம் இருப்பதால், பயணச்சீட்டு வாங்கும்போதும் அறை பதிவு செய்யும்போதும் பெம்ப்ரோக்ஷயர் என்று சேர்த்துப் பார்ப்பது அவசியம்; இரண்டு ஊர்களுக்கும் நடுவில் ஏறக்குறைய வேல்ஸின் அகலமே கிடக்கிறது. அங்கிருந்து நெவர்ன் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து மிகக் குறைவு என்பதால் நாங்கள் வாடகைக் கார் எடுத்தோம். நம்மைப்போல் இடப்பக்கமாகத்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் பாதைகள் ஒரு காருக்கு மட்டுமே இடம் தருவன. இருபுறமும் ஆளுயர மண்கரை, அதன்மேல் செடிவேலி. எதிரே டிராக்டர் வந்தால், யாருக்கு ஒதுங்கும் இடம் அருகில் இருக்கிறதோ அவர் பின்னால் எடுக்க வேண்டும். எடுத்தவருக்கு மற்றவர் கையை உயர்த்தி நன்றி சொல்லாமல் போவதில்லை. 2023 செப்டம்பரிலிருந்து வேல்ஸில் குடியிருப்புப் பகுதிச் சாலைகளில் பொதுவாக மணிக்கு 20 மைல்தான் உச்ச வேகம். நம் கணக்கில் 32 கிலோமீட்டர்.

இனி ஊர். வேல்ஸ் மொழியில் அதற்கு நான்ஹவெர் என்று பெயர். நிஃபர் என்று வரைபடத்தில் எழுதி நவெர் என்று உச்சரிக்கிற சிற்றாறு, அதன்மேல் ஒரு பழைய கற்பாலம், சில வீடுகள், ஓர் உணவு விடுதி, மரங்களுக்குள் மறைந்த தேவாலயம். கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். ஆறாம் நூற்றாண்டில் இங்கே துறவு வாழ்க்கை வாழ்ந்த புனித பிரனாக் என்பவரின் பெயரால் இந்த ஆலயம் விளங்குகிறது. பக்கத்திலிருக்கும் கார்ன் இங்லி என்ற குன்றில் ஏறி அவர் வானதூதர்களோடு பேசினார் என்பது ஊரார் நம்பிக்கை. குன்றின் பெயரையும் வானதூதர் குன்று என்றே சொல்கிறார்கள். இப்போது நிற்கும் கட்டடத்தில் கனத்த சதுரக் கோபுரம் மிகப் பழையது. மற்றப் பகுதிகள் பிற்காலத்தில் எடுத்துக் கட்டப்பட்டவை.

வாயிலிலிருந்து ஆலயம் வரை இருபுறமும் யூ மரங்கள். ஏறத்தாழ 700 ஆண்டு வயது சொல்லப்படும் இந்த ஊசியிலை மரங்கள் மேலே ஒன்றோடொன்று கை கோத்து நிற்பதால், நண்பகலிலும் உள்ளே அந்தி நேரத்து வெளிச்சம்தான். வலப்புறத்தில் ஒரு மரத்தின் வெட்டுண்ட கிளையிலிருந்து செந்நிறச் சாறு வடிந்துகொண்டே இருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன். ஈரமாக, சற்றுப் பிசுபிசுப்பாக, காய்ந்த இடத்தில் வெற்றிலைச் சாறு உலர்ந்த நிறத்தில் இருந்தது. குற்றமற்ற துறவி ஒருவரை இந்த மரத்தில் தூக்கிலிட்டார்கள், அந்தப் பழி தீராமல் மரம் அழுகிறது என்று ஒரு கதை. மேலேயுள்ள கோட்டையில் மீண்டும் ஒரு வேல்ஸ் இளவரசன் அமரும்வரை இந்த இரத்தம் நிற்காது என்று இன்னொரு கதை. இரண்டாவது கதை என் மனத்தில் தங்கிவிட்டது. குழந்தைகளோடு போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: யூ மரத்தின் இலையும் விதையும் நச்சுத்தன்மை உடையவை, கீழே கிடப்பதை எடுத்து வாயில் வைக்க விடாதீர்கள்.

ஆலயத்தின் தென்புறத்தில் நிற்கும் பெருஞ்சிலுவை நெவர்னின் புகழுக்கு முதற்காரணம். 10ஆம் நூற்றாண்டிலோ 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ செதுக்கியது. 13 அடி உயரம், அதாவது ஏறக்குறைய 4 மீட்டர். நான்கு பக்கங்களிலும் கட்டங்கட்டமாகப் பின்னல் வேலைப்பாடு ஓடுகிறது. முதல் நாள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்தேன். இரண்டாம் நாள் காலையில், மழை விட்டு வெயில் சாய்வாக விழுந்த நேரத்தில், ஒரே ஒரு கட்டத்தை மட்டும் விரலால் காற்றில் வரைந்து தொடர்ந்தேன். ஒரு கோடு மற்றொன்றின் மேலேறி, அடுத்ததன் கீழே நுழைந்து, மூலையில் திரும்பி, எங்கேயும் அறுபடாமல் தொடங்கிய இடத்துக்கே வந்துசேர்ந்தது. மார்கழியில் என் பாட்டி வாசலில் போடும் சிக்குக்கோலம் இப்படித்தான் கை எடுக்காமல் முடியும். இதை வைத்து யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்று பேசத் தேவையில்லை. முடிவில்லாத கோட்டில் மனிதக் கண்ணுக்கு ஓர் அமைதி இருக்கிறது, அதை இரண்டு இடத்திலும் கண்டிருக்கிறார்கள்.

இந்தச் சிலுவைக்கு ஒரு குயில் கதை உண்டு. ஏப்ரல் 7ஆம் நாள் புனித பிரனாக்கின் திருநாள். அந்த ஆண்டின் முதல் குயில் அன்று வந்து சிலுவையின் உச்சியில் அமர்ந்து கூவும். அது கூவினால்தான் பூசை தொடங்கும். ஓர் ஆண்டு குயில் வரவில்லை. குருவும் மக்களும் காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து, கடற்காற்றோடு போராடித் தளர்ந்துபோய் வந்த குயில், சிலுவையின்மேல் அமர்ந்து ஒருமுறை கூவிவிட்டுச் செத்து விழுந்தது. குயிலைக் கவிதையாகவே கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதையின் துயரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வாசல் மண்டபத்துக்குப் பக்கத்தில் விட்டாலியானுஸ் என்பவரின் பெயர் வெட்டிய இன்னொரு நினைவுக்கல் நிற்கிறது. உள்ளே இருக்கும் மக்ளோகூனுஸ் கல்லைப் போலவே அதிலும் லத்தீன் எழுத்து, ஓகம் எழுத்து இரண்டும் உண்டு. ஓகம் என்பது அயர்லாந்திலிருந்து வந்த எழுத்து. கல்லின் விளிம்பையே நடுக்கோடாகக் கொண்டு, இடப்பக்கம், வலப்பக்கம், குறுக்கே என்று ஒன்று முதல் ஐந்து வரை கீறல் போட்டால் மெய்யெழுத்து. விளிம்பில் சிறு குழிகள் இட்டால் உயிரெழுத்து. கீழிருந்து மேலே படிக்க வேண்டும். ஐரிஷ் கடலைக் கடந்து குடியேறி வந்தவர்கள், தங்கள் எழுத்தையும் வந்த இடத்தின் எழுத்தையும் ஒரே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மூன்று மொழிப் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே வாழும் நமக்கு இது எவ்வளவு நெருக்கமானது!

உள்ளே இருக்கும் மக்ளோகூனுஸ் கல்லின் ஓகம் கீறல்கள் முதலில் எனக்குத் தெரியவே இல்லை. கல் முழுதும் காலத்தின் வடுக்கள்தாம் தெரிந்தன. கைப்பேசி விளக்கை நேராக அடித்துப் பார்த்தேன். “மாமா, நேராகப் பிடித்தால் எல்லாம் வெள்ளையாகத்தான் தெரியும். கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள்” என்று தங்கை மகள் என் கையைத் தாழ்த்தினாள். அப்படியே ஒவ்வொரு கீறலும் நிழலோடு எழுந்து வந்தது. நடுவில் ‘மக்கி’ என்று ஒரு சொல். பழைய ஐரிஷ் மொழியில் மகனுடைய என்று பொருள். தமிழின் ‘மகன்’ உடனே நினைவுக்கு வரும், எனக்கும் வந்தது. ஆனால் இது ஒலி ஒற்றுமை மட்டுமே. இதைப் பிடித்துக்கொண்டு மொழியுறவு பேசுவது இரண்டு மொழிக்கும் நன்மை செய்யாது. ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பெயர்களில் வரும் ‘மக்’ இந்தச் சொல்லின் வழிவந்தது. வேல்ஸ் மொழியில் இதே வேர் ‘மாப்’ என்றாகி, பெயர்களுக்கு நடுவில் ‘ஆப்’ என்று சுருங்கியது. ரோமன் எழுத்தில் எழுதினால் நம் பெண்களின் ‘ஏ/பி’யில் இருக்கும் அதே இரண்டு எழுத்துகள், அங்கே மகனைக் குறிக்கிறது, நம்மிடம் மகளை. ஆங்கில ஆட்சியில் நிலையான குடும்பப்பெயர் வேண்டும் என்ற வழக்கம் வலுத்ததும் ‘ஆப் ரீஸ்’ என்பது பிரைஸ் ஆனது, ‘ஆப் ஹவெல்’ பாவெல் ஆனது, ‘ஆப் இவான்’ பெவன் ஆனது. தந்தையின் பெயர் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறிவந்த மரபு ஓரிடத்தில் உறைந்துபோயிற்று. அண்மைக் காலமாகச் சில வேல்ஸ் பெற்றோர்கள் ‘ஆப்’ என்பதையும் மகளைக் குறிக்கும் ‘வெர்ஹ்’ என்பதையும் தேடி எடுத்துப் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். நம் வீடுகளில் பதிவுப் படிவத்தில் ‘ஏ/எல்’ வேண்டுமா வேண்டாமா என்று பேச்சு நடக்கும் இந்த நாளில், எடுத்துவிட்டவர்கள் மறுபடி தேடுகிறார்கள் என்ற செய்தியை நான் கவனத்தோடு குறித்துக்கொண்டேன்.

ஆலயத்துக்குக் கட்டணம் இல்லை. நாங்கள் போன மூன்று நாளும் பகலில் கதவு திறந்தே இருந்தது. காணிக்கைப் பெட்டி இருக்கிறது. கூரையையும் கற்களையும் ஒரு சிறிய ஊர் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்துப் போடுங்கள். கற்களின்மேல் தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுக்க வேண்டாம். சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படமே போதும்.

ஆலயத்திலிருந்து மேற்கே ஏறும் பாதையில், பாறைச் சுவரில் புடைப்பாக வெட்டிய ஒரு சிலுவை மரநிழலில் மறைந்திருக்கிறது. வடக்கே ஹோலிவெல்லிலிருந்து தெற்கே புனித தாவீதின் பேராலயத்துக்கு நடந்த யாத்திரிகர்கள் இங்கே மண்டியிட்டு வேண்டியிருக்கிறார்கள். கால்முட்டி பட்ட இடம் தேய்ந்து குழிந்திருக்கிறது. தாவீதின் தலத்துக்கு இருமுறை போவது உரோமைக்கு ஒருமுறை போவதற்குச் சமம் என்று 12ஆம் நூற்றாண்டில் வழங்கிவந்த வாக்கு, இந்தப் பாதையில் எத்தனை கால்களை நடக்கவைத்திருக்கும்! தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிகளில் ஏறியவர்கள் அந்தக் குழியைக் கண்டால் தாமாகவே காலணியைப் பார்ப்பார்கள். நான் கழற்றிவிட்டுத்தான் நின்றேன்.

அதற்கும் மேலே நெவர்ன் கோட்டை. மதிலும் மண்டபமும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். இன்று எஞ்சியிருப்பவை மண்மேடும் அகழியும் சில அடித்தளக் கற்களும்தான். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் ஃபிட்ஸ் மார்ட்டின் என்ற நார்மன் பிரபு இதைக் கட்டினார். தென்வேல்ஸின் பேரரசர்போல் விளங்கிய ரீஸ் ஆப் க்ரிஃபித் தம் மகள் அங்ஹாரத்தை அந்தக் குடும்பத்துக்கே மணம் செய்துகொடுத்தும், 1191இல் மருமகனிடமிருந்து கோட்டையைப் பறித்துக்கொண்டார். மூன்றே ஆண்டில், 1194இல், அவருடைய மகன்களே அவரைப் பிடித்து அதே கோட்டையில் சிறைவைத்தார்கள். டர்ஹாம் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் 2008 முதல் இங்கே அகழ்ந்தபோது, நுழைவாயிலின் கட்டுமானத்துக்குள் கீறல் உருவங்கள் கொண்ட பலகைக்கற்கள் கிடைத்தன. நட்சத்திரமும் வேறு குறிகளும் கீறிய அவை, தீயது உள்ளே வராமல் தடுக்க வைத்தவையாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. வாசலில் பூசணிக்காயும் எலுமிச்சையும் கட்டும் நமக்கு அதில் வியப்பில்லை. சேறும் சறுக்கலுமான ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்கள் இதைத் தவிர்க்கலாம், பெரிய இழப்பில்லை.

தவிர்க்கவே கூடாதது பென்த்ரே இவான். நெவர்னின் தெற்கே, ஆட்டு மேய்ச்சல் வெளிகளுக்கு நடுவில் நிற்கும் இந்தக் கல்திட்டை கி.மு. 3500 அளவில் எழுப்பப்பட்டது. மூடுகல் 5 மீட்டர் நீளம், எடை 16 டன் என்று மதிப்பிடுகிறார்கள். அவ்வளவு பெரிய கல், தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில், மூன்று நிறுத்துக்கற்களின் கூர்முனையில் மட்டும் தங்கியிருக்கிறது. பக்கத்தில் போய்க் குனிந்து, கல்லும் கல்லும் தொடும் இடத்தைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம்கூட இல்லை. அந்த இடைவெளி வழியாக எதிரே கடலும் கார்ன் இங்லியும் தெரிந்தன. காற்று அதற்குள் புகுந்து மெல்லிய ஓசை எழுப்பியது. 1603இல் இதே வட்டாரத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஓவன் இதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். 1882ஆம் ஆண்டின் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டம் முதலில் காப்பாற்றிய இடங்களில் இதுவும் ஒன்று. இப்போது வேல்ஸ் அரசின் மரபுச்சின்ன அமைப்பான கடூ இதைப் பராமரிக்கிறது; ‘கடூ’ என்றால் காப்பது என்று பொருள். கட்டணமில்லை, காவலாளியில்லை, கடையில்லை. மூடுகல்லின் கீழே பத்துப் பேர் நிற்கலாம். நாங்கள் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் வந்தவர்கள் நான்கு பேர்.

அங்கே நின்றபோது எனக்குப் புக்கிட் மெர்தாஜாம் நினைவு வந்தது. புனித அன்னம்மாள் ஆலய வளாகத்திலுள்ள செரோக் தொக்குன் கல்லை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? 1845இல் ஜேம்ஸ் லோ கண்டறிந்த அந்தக் கல்லில் தென்னிந்திய எழுத்து மரபைச் சேர்ந்த சாசனம் இருக்கிறது. அதுவும் ஒரு தேவாலய வளாகத்துக்குள் காக்கப்படும் எழுத்துக்கல்தான். ஜூலைத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அந்தக் கல்லின் பக்கம் போகாமலே நான் திரும்பியிருக்கிறேன். 10,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து போய் நெவர்ன் கல்லைப் பார்த்தவன், வந்த மறுவாரமே அங்கே போய் அதைப் பார்த்தேன்.

இந்த வட்டாரத்தின் கற்களுக்கு வேறொரு பெருமையும் உண்டு. தெற்கே தெரியும் பிரெசெலி மலைகளிலிருந்துதான், இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சின் நீலக்கற்கள் சுமார் 225 கிலோமீட்டர் தூரம் கொண்டுபோகப்பட்டன. எந்தப் பாறை முகட்டிலிருந்து என்பதுவரை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். மழை கனத்ததால் நாங்கள் மலையேறவில்லை.

காஸ்தெல் ஹென்லிஸுக்குக் கட்டணம் உண்டு, கொடுத்தது வீண்போகவில்லை. 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய இரும்புக்கால ஊர் ஒன்றை 1981 முதல் பல ஆண்டுகள் அகழ்ந்து, பழைய தூண்குழிகள் இருந்த அதே இடங்களில் வட்டவீடுகளை மறுபடி கட்டியிருக்கிறார்கள். வேய்ந்த கூரைக்குப் புகைபோக்கி இல்லை. நடுவில் எரியும் அடுப்பின் புகை மேலே தங்கி, வைக்கோலுக்குள் கசிந்து வெளியேறுகிறது. பின்னிய குச்சிச் சுவரின்மேல் களிமண், வைக்கோல், சாணம் மூன்றையும் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் புகையும் மண்ணும் கலந்து வந்த வாசனை, செபராங் பிறையில் தாத்தாவின் தோட்ட வீட்டு அடுப்படியை அப்படியே கொண்டுவந்து நிறுத்தியது. பேச்சு வராமல் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதற்கு அரை நாள் ஒதுக்க வேண்டும்.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்பீடு முடியாது. பெம்ப்ரோக்ஷயரின் தென்பகுதி நெடுங்காலமாக ஆங்கிலம் பேசுவது. வடபகுதி வேல்ஸ் மொழியைக் கைவிடாதது. சாலைப் பலகை, பேருந்து நிறுத்தம், கல்லறை வாசகம் என்று எல்லா இடத்திலும் அந்த மொழி இருக்கிறது. 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் அதைப் பேசத் தெரிந்தவர்கள் 17.8 விழுக்காடு, ஏறத்தாழ 5,38,000 பேர். 1588இல் வில்லியம் மார்கன் விவிலியம் முழுவதையும் வேல்ஸ் மொழியில் பெயர்த்தது அம்மொழி உயிரோடிருக்க ஒரு பெருங்காரணம். ஆலயத்தில் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், நாங்கள் எங்களுக்குள் பேசியது என்ன மொழி என்று கேட்டார். தமிழ் என்றும், மலேசியாவில் பிறந்து தமிழ்ப்பள்ளியில் படித்தவன் என்றும், பினாங்கில் 1816லேயே தமிழ் வகுப்பு தொடங்கிவிட்டது என்றும் சொன்னேன். அவர் அடுத்துக் கேட்டது: “உங்கள் பேரப்பிள்ளைகள் பேசுகிறார்களா?” ஊரைப் பற்றியோ விமானப் பயணத்தைப் பற்றியோ கேட்கவில்லை. பிறகு ‘லான்’ என்ற சொல்லின் முதலெழுத்தைச் சொல்லக் கற்றுக்கொடுத்தார். ஆலயம் சூழ்ந்த நிலம் என்று பொருள். நாக்கை ‘ல்’ சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் காற்றை மட்டும் ஊத வேண்டும். ஐந்தாறு முறைக்குப் பிறகு எனக்கு வந்தது. பதிலுக்கு நான் நம் ழகரத்தைச் சொன்னேன். அவருக்கு மூன்றாவது முறையே வந்துவிட்டது.

தங்குமிடம் பண்ணை வீடு ஒன்று. இருவருக்கும் தனித்தனி அறை, காலை உணவோடு. படுக்கை சுத்தம், சன்னலைத் திறந்தால் ஆட்டுக்குட்டிகள். சைவம் என்று முன்பே எழுதியிருந்தும் முதல் நாள் காலை தட்டில் பன்றி இறைச்சியோடுதான் வந்தது. சொன்னதும் எடுத்துக்கொண்டுபோய் வேறு தட்டில் காளானும் முட்டையும் கொண்டுவந்தார்கள். ஆகவே எழுதியதோடு நில்லாமல் இரவே ஒருமுறை வாயால் சொல்லிவிடுவது நல்லது. சைவர்கள் இன்னொன்றையும் கேட்டுச் சாப்பிட வேண்டும். தோசைக்கல் போன்ற இரும்புக் கல்லில் சுட்டெடுக்கும் வேல்ஸ் கேக்கைப் பழைய முறையில் பன்றிக் கொழுப்பு சேர்த்துச் செய்கிறவர்கள் இன்றும் உண்டு. வெண்ணெயில் செய்ததா என்று கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள். தேநீரில் ஊறவைத்த உலர்பழங்கள் சேர்ந்த பாரா பிரித் என்ற ரொட்டி, மழை நாளில் சூடான தேநீரோடு மிக நன்றாக இருந்தது. ‘கவ்ல்’ என்பது ஆட்டிறைச்சியும் லீக் என்ற வெங்காயத் தண்டும் போட்ட சூப். தங்கை மகள் இரண்டு கிண்ணம் குடித்தாள். காரம் எங்கேயும் கிடையாது. சம்பால் பாட்டிலோ ஊறுகாயோ கொண்டுபோவதில் தவறில்லை.

மூன்றாம் நாளை வடக்கே கார்டிகன் பக்கத்துக்கு வைத்துக்கொண்டோம். வழியில் செயின்ட் டாக்மேல்ஸில், நெவர்ன் கோட்டையைக் கட்டிய அதே ஃபிட்ஸ் மார்ட்டின் நிறுவிய துறவுமடத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. பக்கத்துப் பங்கு ஆலயத்துக்குள் உள்ள சக்ரானுஸ் கல்லில் லத்தீனும் ஓகமும் ஒரே பெயரைச் சொல்வதால், 1848இல் ஓகம் எழுத்தைப் படித்தறிய அது திறவுகோலாக இருந்தது. நெவர்ன் கல்லைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்கிறவருக்குத்தான் இதன் அருமை முழுதாகப் புரியும். வரிசையை மாற்ற வேண்டாம். கார்டிகன் கோட்டையில் 1176இல் ரீஸ் கூட்டிய அவையையே முதல் ஐஸ்டெத்வோத், அதாவது கவிதை, இசைப் போட்டி விழா, என்று போற்றுகிறார்கள். புலவர்களும் இசைவாணர்களும் போட்டியிட்டு, வென்ற இருவருக்கு இருக்கை பரிசளிக்கப்பட்டது. இன்றும் அந்த விழாவில் சிறந்த கவிஞருக்கு நாற்காலிதான் பரிசு. கோட்டையை 2015இல் சீர்செய்து திறந்திருக்கிறார்கள். நேர்த்தியான பராமரிப்பு, ஆனால் ஒரு மணி நேரம் போதும்.

மே மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருப்பதால், கார்டிகனிலிருந்து திரும்பும் வழியில் மறுபடி நெவர்னில் நிறுத்தினோம். மழைச்சட்டை, ஈரம் புகாத காலணி, ஒரு சிறு கைவிளக்கு ஆகிய மூன்றும் இந்தப் பயணத்துக்குக் கட்டாயம் வேண்டும். குடை காற்றில் நிற்காது. அடுத்த முறை ஏப்ரல் 7ஆம் நாளையொட்டிப் போவதாக இருக்கிறேன். அப்பாவுக்கு இப்போது 81 வயது. சன்னலடிக் கல்லை நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, எது மகன் பெயர், எது அப்பா பெயர் என்று சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, க்ளூத்தோரி என்ற பெயரை மட்டும் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.